வாக்குப்பதிவு இயந்திரத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? இராமநாதபுரம் கடற்கரை வாக்காளர்கள் கேட்கும் கேள்விகள்

பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் தேர்தல் பணிக்கு அனுப்பப்பட்டு, வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இந்த இயந்திரங்களை என் கையால் இணைத்து, அரக்கு வைத்து மூடி, ஒப்படைத்திருக்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், கீழக்கரை, மூக்கையூர் எனக் கடலோர ஊர்களில் இளைஞர்களும் பெரியவர்களும் தேர்தல்தோறும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தக் கட்சிக்கும் சார்பாகவோ எதிராகவோ இவற்றுக்கு விடை எழுதவில்லை. இயந்திரத்தைக் குருட்டுத்தனமாக நம்புவதும் குருட்டுத்தனமாகச் சந்தேகிப்பதும் ஒரே அளவு கெடுதலானவை என்பது என் உறுதியான கருத்து.

சாவடியில் இருக்கும் இயந்திரம் ஒன்றா, மூன்றா?

மூன்று. மறைப்புக்குள் நீங்கள் பொத்தானை அழுத்துவது வாக்குப்பதிவு அலகு. அதன் அருகிலேயே, கண்ணாடிச் சாளரத்துடன் நிற்பது ஒப்புகைச் சீட்டை அச்சிடும் விவிபேட். தலைமை அலுவலரின் மேசையில் இருப்பது கட்டுப்பாட்டு அலகு. வாக்குகள் பதிவாகி நிற்பது அதற்குள்தான். அலுவலர் தம் பொத்தானை அழுத்தி ஒரு வாக்கைத் திறந்துவிட்டால்தான் உங்கள் அலகில் பச்சை விளக்கு எரியும். நீங்கள் விரும்பிய சின்னத்துக்கு எதிரே அழுத்தியதும் அங்கே சிவப்பு விளக்கு எரியும். விவிபேட் சாளரத்தில் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சிட்ட சீட்டு 7 விநாடிகள் தெரிந்து, பிறகு அறுபட்டு உள்ளே இருக்கும் மூடிய பெட்டிக்குள் விழும். நீண்ட ஒலி ஒன்று கேட்கும்.

அந்த 7 விநாடிகளைப் பெரும்பாலோர் வீணாக்குகிறார்கள். ஒலி கேட்டவுடன் திரும்பி நடந்துவிடுகிறார்கள். சாளரத்தை உற்றுப் பார்க்காத வாக்காளருக்கு விவிபேட் இருந்தும் பயனில்லை.

இது எப்போது, எப்படி நம் கைக்கு வந்தது?

1982-இல் கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ என்ற பிரிவைச் சேர்க்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இயந்திரத்தில் நடந்தது. 2004-இல் நாடு முழுவதற்குமான மக்களவைத் தேர்தலும் அவ்வாறே நடந்தது. பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஐதராபாத்தின் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா ஆகிய இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள் மட்டுமே இதைத் தயாரிக்கின்றன. ஒப்புகைச் சீட்டு இல்லாமல் நேர்மையான தேர்தல் முழுமை பெறாது என்று 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறிய பிறகு, 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளுக்கும் விவிபேட் வந்து சேர்ந்தது.

கைப்பேசியிலிருந்தோ புளூடூத் வழியாகவோ வாக்கை மாற்ற முடியுமா?

முடியாது. இயந்திரத்தில் இணைய இணைப்போ அலைவழித் தொடர்போ கிடையாது. மின்கலத்தில் ஓடும் தனித்த கருவி அது. வெளியே நின்றுகொண்டு கைப்பேசியை வைத்து வாக்கைத் திருப்பினார்கள் என்று வாட்சப்பில் வரும் காணொளிகளைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

ஆனால் "வெளியிலிருந்து முடியாது" என்பதும் "எவராலும் முடியாது" என்பதும் வேறு வேறு. 2010-இல் ஐதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தைச் சேர்ந்த ராப் கோங்கிரைப் ஆகியோர் அடங்கிய குழு, ஓர் இயந்திரத்தைக் கையில் வைத்துப் பிரித்து ஆராய்ந்தது. எண்ணிக்கையைக் காட்டும் பலகையை அதே தோற்றமுடைய போலிப் பலகையால் மாற்றினால் பொய்யான முடிவைக் காட்ட முடியும் என்று அவர்கள் செய்தே காட்டினார்கள். அந்தப் போலிப் பாகத்துக்குத்தான் புளூடூத் தேவைப்பட்டது. ஊரில் உலவும் புளூடூத் கதையின் வேர் அங்கேதான் இருக்க வேண்டும். அவர்கள் ஆராய்ந்தது பழைய வகை இயந்திரம். அதில் விவிபேட் இல்லை. இப்போதைய மூன்றாம் தலைமுறை இயந்திரத்தைத் திறக்க முயன்றால் அது செயலிழந்துவிடும் என்று தேர்தல் ஆணையம் சொல்கிறது. 2017 ஜூன் மாதம் "முடிந்தால் மாற்றிக் காட்டுங்கள்" என்று கட்சிகளை ஆணையம் அழைத்தது. தேசியவாத காங்கிரசும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் மட்டும் போயின, இரண்டுமே முயற்சியில் இறங்கவில்லை. உள்ளே திறந்து பார்க்க விடாத சோதனை முழுமையான சோதனை ஆகாது என்ற எதிர்வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். மென்பொருளைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டாத வரையில் அந்த வாதம் ஓயாது.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இயந்திரத்தை யாராவது தனியாக, நேரம் எடுத்து, கையால் தொட முடிந்ததா? அரக்கு, முத்திரை, எண் குறிப்பு, வேட்பாளர் சார்பில் சாவடியில் உட்காரும் முகவரின் கையெழுத்து எல்லாம் அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காகவே வைக்கப்பட்டிருக்கின்றன.

விவிபேட்டில் சின்னத்தைக் கணினி வழியாக ஏற்றுகிறார்களாமே? அது ஓட்டை இல்லையா?

கேட்க வேண்டிய கேள்வி. வேட்பாளர் பட்டியல் முடிவானதும் அவர்களின் பெயரும் சின்னமும் சின்னம் ஏற்றும் அலகு என்ற சிறு கருவியின் வழியாக விவிபேட்டுக்குள் ஏற்றப்படுகின்றன. எந்தப் பொத்தான் எந்தக் கட்சிக்கு உரியது என்ற செய்தி முதன்முதலில் இயந்திரத் தொகுதிக்குள் நுழைவது இந்தக் கட்டத்தில்தான். வாக்குப்பதிவு அலகுக்கும் கட்டுப்பாட்டு அலகுக்கும் நடுவே இணைக்கப்படுவதும் இதே விவிபேட்தான். எனவே இந்தக் கட்டத்தில் வேட்பாளர்களின் ஆட்கள் இருந்தே ஆக வேண்டும். அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. 2024 ஏப்ரல் 26 அன்று, அதாவது இராமநாதபுரம் வாக்களித்து முடித்த ஒரு வாரத்தில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சஞ்சீவ் கன்னாவும் தீபாங்கர் தத்தாவும் வழங்கிய தீர்ப்பு, ஏற்றும் பணி முடிந்ததும் அந்தக் கருவிகளுக்கும் முத்திரையிட்டு, முடிவு அறிவித்த பின் 45 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்கு முன்பு அப்படி ஒரு காப்பு இல்லை.

நம் ஊருக்கு எந்த இயந்திரம் வரும் என்பதை முன்கூட்டியே யாராவது அறிந்துகொள்ள முடியுமா?

முதல் கட்டமாகக் கட்சிப் பிரதிநிதிகள் முன்னிலையில் பொறியாளர்கள் ஒவ்வொரு இயந்திரத்தையும் சோதிக்கிறார்கள். பிறகு கணினி வழியாக இருமுறை குலுக்கல் நடக்கிறது: முதலில் எந்தச் சட்டமன்றத் தொகுதிக்கு, அடுத்து எந்தச் சாவடிக்கு என்று. இரண்டாம் குலுக்கல் முடிந்த பின் எந்தச் சாவடிக்கு எந்த எண்ணுள்ள இயந்திரம் என்ற பட்டியல் வேட்பாளர்களிடம் தரப்படும். வேட்பாளர் அந்தப் பட்டியலை வாங்கித் தம் முகவரிடம் கொடுக்காமல் வைத்திருந்தால் குலுக்கல் நடந்ததன் பலன் பாதி போய்விடுகிறது. கடலோரக் குப்பங்களில் முகவராக உட்காரும் பல தம்பிமார் இந்தப் பட்டியலைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்பதைப் பணியின்போது நேரில் கண்டிருக்கிறேன்.

மாதிரி வாக்குப்பதிவு என்பது வெறும் சடங்கா?

சடங்காக்கினால் சடங்கு, கவனித்தால் காவல். வாக்குப்பதிவு தொடங்குவதற்கு 90 நிமிடங்கள் முன்பு, விடிந்தும் விடியாத நேரத்தில், முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போட்டுப் பார்க்க வேண்டும். எந்த வேட்பாளருக்கு எத்தனை என்று காகிதத்தில் குறித்து, கட்டுப்பாட்டு அலகின் முடிவோடும் விவிபேட் சீட்டுகளின் எண்ணிக்கையோடும் ஒத்துப் பார்த்து, பின் அந்த வாக்குகளை அழித்து, மொத்தம் பூச்சியம் என்று திரையில் காட்டி, சீட்டுகளைக் கறுப்பு உறையில் இட்டு மூடி முத்திரை வைக்க வேண்டும். அதன் பிறகே பச்சை நிறக் காகித முத்திரை ஒட்டப்படும். அதில் முகவர்கள் கையெழுத்திடலாம், அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்த வேலையில் அலுவலர் அவசரப்படும் இடம் ஒன்று உண்டு: போட்டுப் பார்த்த வாக்குகளை அழிக்க மறப்பது. வரிசை வாசலில் நிற்கும். இரவு முழுக்கத் தூங்காத கண்களோடு ஐந்தாறு படிவங்களை ஒரே நேரத்தில் நிரப்பிக்கொண்டிருப்பார். அழிக்க மறந்தால் எண்ணும் நாளில் சீட்டும் கணக்கும் ஒத்துவராமல் "மோசடி" என்ற கூச்சல் எழும். முகவர் ஒருவர் "ஐயா, டோட்டல் பூச்சியம் காட்டுங்கள்" என்று மரியாதையாகக் கேட்டால் போதும், அந்தத் தவறு அங்கேயே நின்றுவிடும்.

உப்புக்காற்றும் வெயிலும் இயந்திரத்தைக் கெடுக்காதா?

கட்டுப்பாட்டு அலகும் வாக்குப்பதிவு அலகும் உறுதியானவை. மின்கலத்தில் ஓடுவதால் மின்வெட்டும் அவற்றைப் பாதிக்காது. விவிபேட்தான் மென்மையானது. 2018 மே மாத இடைத்தேர்தல்களில் உத்தரப் பிரதேசத்தின் கைரானாவிலும் மகாராட்டிரத்தின் பண்டாரா-கோந்தியாவிலும் விவிபேட்டுகள் பரவலாகப் பழுதாகி, பல சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்த நேர்ந்தது. நேரடி வெளிச்சமும் வெப்பமும் காரணமாகச் சொல்லப்பட்டன. சன்னலுக்கு எதிரே, வெயில் விழும் இடத்தில் விவிபேட்டை வைக்கக் கூடாது என்பதைக் கடலைப் பார்த்த நம் பள்ளிக்கூடங்களில் கட்டாயம் கவனிக்க வேண்டும். விவிபேட் மட்டும் பழுதானால் அதை மட்டும் மாற்றுவார்கள். மற்ற இரண்டில் ஒன்று பழுதானால் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு, சிறிய மாதிரி வாக்குப்பதிவு நடத்திய பின் தொடர்வார்கள். அதுவரை பதிவான வாக்குகள் பழைய கட்டுப்பாட்டு அலகிலேயே அழியாமல் இருக்கும்.

வாக்குப்பதிவு முடிந்த இரவு பாம்பன் பாலத்தில் இயந்திரங்களோடு ஒரு வண்டி போனதைப் பார்த்தோம். அது என்ன?

இரண்டு வகை வண்டிகள் போகும். வாக்குப் பதிவான இயந்திரங்கள் காவலர் துணையோடு போகும், முகவர்கள் பின்தொடரலாம். பயன்படாத மாற்று இயந்திரங்கள் மண்டல அலுவலரின் வண்டியில் போகும். இரண்டாவது வகையைப் பார்த்துத்தான் வதந்தி கிளம்புகிறது. மாற்று இயந்திரங்களை வேறிடத்தில் வைக்க வேண்டும், அவை போகும் பாதையை வேட்பாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. விதியை ஒழுங்காகப் பின்பற்றினால் வதந்தி பிறக்காது; அலுவலர்கள் அலட்சியமாக இருந்தால் மக்கள் சந்தேகப்படுவதில் தவறில்லை. வண்டியைக் கண்டால் மறித்துக் கலகம் செய்யாமல், இயந்திர எண்ணைக் கேட்டுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

2024-இல் ஏப்ரல் 19 அன்று வாக்களித்தோம். ஜூன் 4 அன்று எண்ணினார்கள். 46 நாள்கள் பெட்டிக்கு யார் காவல்?

அந்தக் காத்திருப்பு முழுவதும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்துக்குள்ளேயே வந்தது. விசைப்படகுகள் கரையில் நின்றதால் ஊரில் பேச நேரமும் இருந்தது, சந்தேகமும் வளர்ந்தது. பாதுகாப்பு அறைக் கதவில் வேட்பாளர்களும் தம் முத்திரையை வைக்கலாம். மத்திய ஆயுதப் படையின் உள்வட்டமும் மாநிலக் காவலர்களின் வெளிவட்டமும் நிற்கும். கண்காணிப்புக் கேமராத் திரையை வேட்பாளர்களின் ஆட்கள் இரவு பகலாகப் பார்க்கலாம். ஏழு கட்டமாகத் தேர்தல் நடக்கும் வரை முதல் கட்டத்தில் வாக்களித்தவர்கள் இப்படிக் காத்திருக்கத்தான் நேரும். இவ்வளவு நீண்ட இடைவெளி நம்பிக்கைக்கு நல்லதல்ல. கட்டங்களைக் குறைக்க வேண்டும் என்பது என் கருத்து.

எல்லாச் சீட்டுகளையும் எண்ணிவிட்டால் பிரச்சினையே இல்லையே? ஏன் எண்ண மறுக்கிறார்கள்?

இந்தக் கேள்விதான் இந்தப் பக்கத்தின் மையம். 2019 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சாவடியின் விவிபேட் சீட்டுகளை எண்ணுவது என்றிருந்ததை ஐந்து சாவடிகளாக உயர்த்தியது. இராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் அறந்தாங்கி, திருச்சுழி, பரமக்குடி, திருவாடானை, இராமநாதபுரம், முதுகுளத்தூர் என ஆறு சட்டமன்றப் பகுதிகள் இருப்பதால் 30 சாவடிகளின் சீட்டுகள் எண்ணப்படும். நாட்டளவில் இது ஏறத்தாழ 2 விழுக்காடு. அனைத்தையும் எண்ணக் கோரிய மனுவை 2024 தீர்ப்பு தள்ளுபடி செய்தது.

ஐந்து போதுமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 300 சாவடிகள் உள்ள ஒரு சட்டமன்றப் பகுதியில் 90 இயந்திரங்களில் தவறு இருந்தால், குலுக்கி எடுக்கும் ஐந்தில் ஒன்றாவது சிக்குவதற்கான வாய்ப்பு 83 விழுக்காடு. தவறு 30 இயந்திரங்களில் மட்டும் என்றால் அந்த வாய்ப்பு 41 விழுக்காடாகக் குறைகிறது; மூன்று இயந்திரங்களில் மட்டும் என்றால் வெறும் 5 விழுக்காடு. மாநிலம் தழுவிய பெரிய மோசடியை ஐந்து சாவடி முறை பிடித்துவிடும். பல தொகுதிகளில் ஒரே நேரத்தில் தப்புவது மிகக் கடினம். ஆனால் சில வாக்குகளில் முடிவு தீரும் தொகுதியில், சில இயந்திரங்களில் மட்டும் நேர்ந்த தவறை அது தவறவிடக்கூடும். 2016-இல் திருநெல்வேலி மாவட்டத்தின் இராதாபுரத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தவை 49 வாக்குகள். எனவே எல்லா இடத்திலும் ஐந்து என்று வைக்காமல், வித்தியாசம் குறைவாக உள்ள தொகுதியில் அதிகச் சீட்டுகளையும், வித்தியாசம் பெரிதாக உள்ள இடத்தில் குறைவாகவும் எண்ணுவதே அறிவுக்கு ஒத்த முறை. முழுவதும் எண்ணினால் முடிவு தாமதமாகும் என்பார்கள். 46 நாள்கள் காத்திருந்த ஊருக்கு இன்னும் ஓரிரு நாள் பெரிதல்ல.

சீட்டின் எண்ணிக்கையும் இயந்திரத்தின் எண்ணிக்கையும் வேறுபட்டால் சீட்டின் கணக்கே செல்லும் என்று விதி சொல்கிறது. காகிதத்துக்குச் சட்டம் அவ்வளவு மதிப்பைக் கொடுத்திருக்கிறது.

அப்படியானால் பழைய வாக்குச்சீட்டுக்கே திரும்பிவிடலாமே?

நம் மாவட்டத்தில் இரண்டு முறையும் இன்றும் நடப்பில் உள்ளன. பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள் என்பதால், உள்ளாட்சித் தேர்தலில் அங்கே வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் வண்ணச் சீட்டுகளில் முத்திரை குத்துகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் இராமேசுவரம் நகராட்சி. 2022-இல் அங்கே இயந்திரத்தில் வாக்களித்தார்கள், அதுவும் விவிபேட் இல்லாமல். நகர்ப்புற உள்ளாட்சிக்கு மட்டும் ஒப்புகைச் சீட்டு வேண்டாம் என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

சீட்டுக் காலத்தில் செல்லாத வாக்குகள் குவிந்ததையும், ஒரு கட்டுச் சீட்டைப் பிடுங்கிச் சில நிமிடங்களில் குத்தித் தள்ளியதையும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இயந்திரத்தில் அலுவலர் ஒவ்வொரு வாக்காகத் திறந்துவிட வேண்டும்; குழப்பம் வந்தால் மூடிவிடலாம். மறுபக்கம், சிறப்பு அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் எண்ணிக்கையைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்ற அடிப்படையில் செருமனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009-இல் அங்கே பயன்படுத்திய இயந்திரங்களை ஏற்க மறுத்தது. அந்த இயந்திரங்களில் காகிதச் சீட்டு இல்லை. அந்த நீதிமன்றம் வைத்த அளவுகோல் சரியானது. அதை நிறைவேற்ற நம்மிடம் சீட்டு இருக்கிறது, அதைப் போதிய அளவு எண்ணவில்லை என்பதே நம் குறை.

எங்கள் குப்பத்துக்கு ஒரே சாவடி. யாருக்குப் போட்டோம் என்பது தெரிந்துவிடாதா?

நீங்கள் தனியாக யாருக்குப் போட்டீர்கள் என்பது தெரியாது. ஆனால் உங்கள் ஊர் யாருக்குப் போட்டது என்பது தெரிந்துவிடும். இதை யாரும் மூடி மறைக்கத் தேவையில்லை. சீட்டுக் காலத்தில் பல சாவடிப் பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழி இருந்தது. இயந்திரத்திலோ சாவடி வாரியாக முடிவு வெளியாகிறது. "உங்கள் ஊர் எங்களுக்குப் போடவில்லை" என்று சாலைக்கும் தூண்டில் வளைவுக்கும் கேட்டுப் போனவர்களிடம் சொல்லப்படுவது இதனால்தான். பல இயந்திரங்களின் வாக்குகளைக் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியை ஆணையம் 2008-இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015-இல் ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை.

இதில் எளிதில் தீராத முரண் ஒன்று உண்டு. சாவடி வாரி எண்ணிக்கை வெளியாவதால்தான் முகவரால் தம் படிவத்தோடு ஒப்பிட முடிகிறது. கலந்துவிட்டால் ஊருக்குப் பாதுகாப்பு, ஆனால் சரிபார்ப்பு மங்கும். முகவர்களிடம் மொத்த வாக்கு எண்ணிக்கையைச் சாவடி வாரியாகக் கொடுத்துவிட்டு, வேட்பாளர் வாரியான முடிவை மட்டும் கலந்து அறிவிக்கும் வழியைச் சிறிய மீனவ ஊர்களுக்காவது ஆராய வேண்டும்.

ஒரே பெயரில் பலர் நிற்பதும் ஒரு வகை மோசடிதானே?

2024-இல் இங்கே முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழம் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயருடைய வேறு சிலரும் நின்றார்கள். நோட்டாவையும் சேர்த்து ஓர் அலகில் 16 பெயர்களுக்குத்தான் இடம். வேட்பாளர்கள் அதைவிட அதிகம் என்பதால் இரண்டு அலகுகள் வைக்கப்பட்டன; அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்குப் பிறகே சுயேச்சைகளின் பெயர் வரும். இயந்திரத்தில் எந்தப் பழுதும் இல்லாமலேயே வாக்கு வழிமாறிப் போக இது போதும். 2015 முதல் வேட்பாளரின் புகைப்படமும் அச்சிடப்படுகிறது. பெயரைத் தேடாமல் சின்னத்தையும் படத்தையும் தேடுங்கள். இரண்டு அலகுகளையும் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

நான் அழுத்திய சின்னம் ஒன்று, சீட்டில் வந்தது வேறு என்றால்?

அங்கேயே நின்று தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள். விதி 49எம்ஏ-வின்படி எழுத்து மூலம் உறுதி வாங்கிக்கொண்டு, முகவர்கள் முன்னிலையில் ஒரு சோதனை வாக்குப் போடவைப்பார்கள். உங்கள் கூற்று மெய்யானால் அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவு நிறுத்தப்படும். பொய்யானால் தண்டனை உண்டு. அந்தத் தண்டனைக்கு அஞ்சி உண்மையைச் சொல்பவரும் பின்வாங்குவார் என்பதால் அதை நீக்க வேண்டும் என்ற கோரிக்கையை நான் ஆதரிக்கிறேன்.

கடலுக்குப் போய்விட்டோம்; திரும்பி வருவதற்குள் எங்கள் பெயரில் வேறு யாரோ வாக்களித்துவிட்டார்கள். என்ன செய்வது?

இது இயந்திரத்தின் குற்றமல்ல, ஆள்மாறாட்டம். விதி 49பி-யின்படி (49P) உங்களுக்குக் காகித வாக்குச்சீட்டு தரப்படும். அது வழக்கமான எண்ணிக்கையில் சேராது. தேர்தல் வழக்கு வந்தால் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்கலாம். அதனால் பயனில்லை என்று கேட்காமல் வந்துவிடாதீர்கள்.

வளைகுடாவில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் இணையத்தில் வாக்களிக்கலாமா?

இப்போது முடியாது. வெளிநாட்டில் இருப்பவர் கடவுச்சீட்டோடு நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். கீழக்கரைக்கும் தொண்டிக்கும் இது பெரிய இழப்பு என்பதை அறிவேன். ஆனாலும், இணையத்தோடு இணையாதது என்பதே இந்த இயந்திரத்தின் முதல் பாதுகாப்பு. அதை விட்டுக்கொடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

முகவராக உட்காருகிறேன். எதை விடக்கூடாது?

படிவம் 17சி. வாக்குப்பதிவு முடிந்ததும் மொத்தம் எத்தனை வாக்குகள், இயந்திர எண்கள், முத்திரை எண்கள் ஆகியவற்றை எழுதித் தலைமை அலுவலர் கையெழுத்திட்டு, அங்கே இருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் நகல் தர வேண்டும். மாலை ஆறு மணிக்குமேல் பசியும் களைப்புமாகப் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். நகல் கைக்கு வரும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள். எண்ணும் மேசையில் கட்டுப்பாட்டு அலகு வந்ததும் முதலில் முத்திரையும் மொத்த எண்ணிக்கையும் உங்கள் நகலோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒத்துவராத இயந்திரத்தை ஒதுக்கிவைத்து அதன் சீட்டுகளை எண்ணுவதற்கு வழி இருக்கிறது.

எண்களை எழுதுவதில் நேரும் பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அரியானாவின் பானிபட் மாவட்டத்தில் 2022-இல் நடந்த ஓர் ஊராட்சித் தலைவர் தேர்தல் சான்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், இயந்திரங்களை அங்கேயே கொண்டுவந்து எண்ணியபோது, 2025-இல் முடிவு தலைகீழாயிற்று. உண்மையான எண்ணிக்கை இயந்திரத்துக்குள் அத்தனை காலமும் பத்திரமாக இருந்தது.

முடிவு வந்த பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால்?

இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் முடிவு வந்த 7 நாள்களுக்குள் எழுதிக் கேட்டு, கட்டணம் செலுத்தி, ஒரு சட்டமன்றப் பகுதிக்கு 5 விழுக்காடு இயந்திரங்களைத் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்களைக் கொண்டு சோதிக்கச் செய்யலாம். மாற்றம் கண்டறியப்பட்டால் கட்டணம் திருப்பித் தரப்படும். தேர்தல் வழக்கை 45 நாள்களுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுக்க வேண்டும். வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதியின் வாக்காளர் எவரும் தொடுக்கலாம்.